ஏழு நிமிடத்துக்குள் ஒரு பேய்க்கதை: சிம்ப்ஸன்ஸ் ஹாலோவீன் எபிசோடுகளின் உள்கட்டு

கேள்வி: "தி சிம்ப்ஸன்ஸ்" கார்ட்டூன் தொடரில் வருஷா வருஷம் வரும் ஹாலோவீன் எபிசோட் மட்டும் ஏன் மூன்று தனித்தனிக் கதைகளாக இருக்கிறது? அரை மணி நேரத்துக்குள் மூன்று கதையை எப்படி அடக்குகிறார்கள்? ஒரே எபிசோடிலேயே ஒரு கதை அபாரமாகவும் அடுத்தது சப்பென்றும் இருப்பது ஏன்? புதிதாகப் பார்ப்பவர் எங்கே ஆரம்பிக்கலாம்?

பதில்:

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். இந்த எபிசோடுகளின் நல்லது, கெட்டது இரண்டுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் அரை மணி நேர நிகழ்ச்சி என்றால் விளம்பரம் போக மிஞ்சுவது சுமார் 22 நிமிடம். தொடக்கக் காட்சிக்கு ஒரு நிமிடம், முடிவில் பெயர்ப் பட்டியலுக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம். மீதி 20 நிமிடத்தை மூன்றால் வகுத்தால் ஒரு கதைக்கு ஆறரை, மிஞ்சினால் ஏழு நிமிடம். வழக்கமான சிம்ப்ஸன்ஸ் எபிசோடில், ஆரம்பித்த விஷயத்துக்கும் முடிந்த விஷயத்துக்கும் சம்பந்தமே இல்லாமல் முதல் ஐந்து நிமிடம் ஊர் சுற்றிவிட்டுத்தான் கதைக்குள் வருவார்கள். ஹாலோவீனில் அதே ஐந்து நிமிடத்தில் பேய் வந்து, ஆளைக் கொன்று, கிட்டத்தட்டக் கதையே முடிந்திருக்க வேண்டும்.

இந்த அளவு புதிதல்ல. "ட்ரீஹவுஸ் ஆஃப் ஹாரர்" என்ற இந்த வரிசைக்கு மூலம் 1950களில் அமெரிக்காவில் வந்த ஈசி காமிக்ஸ் திகில் இதழ்கள். அவற்றில் ஒரு கதை ஆறிலிருந்து எட்டுப் பக்கம்தான். ஒருவனுக்கு ஒரு பேராசை, அதற்கு ஒரு குறுக்கு வழி, கடைசிக் கட்டத்தில் அவன் ஆசைப்பட்ட பொருளாலேயே அவனுக்குத் தண்டனை. இந்த அச்சை அப்படியே எடுத்து, ஆசைப்படுகிற இடத்தில் சிம்ப்ஸன் குடும்பத்து அப்பா ஹோமரை உட்கார வைத்தார்கள். பேராசைக்கு வேறு ஆள் தேட வேண்டிய அவசியமே இல்லை.

முதல் எபிசோட் ஃபாக்ஸ் சேனலில் 1990 அக்டோபர் 25 அன்று ஒளிபரப்பானது. இரண்டாவது சீசனின் மூன்றாவது எபிசோட். மூன்று கதைகளுக்கும் தனித்தனி எழுத்தாளர்கள், தனித்தனி இயக்குநர்கள் (வெஸ் ஆர்ச்சர், ரிச் மூர், டேவிட் சில்வர்மேன்). பிள்ளைகள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மரவீட்டில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் பேய்க்கதை சொல்வார்கள், ஹோமர் வெளியே நின்று ஒட்டுக்கேட்டு நடுங்குவார். வரிசைக்குப் பெயர் வந்தது அந்த மரவீட்டிலிருந்துதான். வேடிக்கை என்னவென்றால், கதை சொல்லும் களமாக மரவீடு வந்தது அந்த ஒரு எபிசோடில்தான். பெயர் மட்டும் முப்பது வருஷத்துக்கு மேல் ஒட்டிக்கொண்டது. திரையில்கூட நெடுநாள் "ஹாலோவீன் ஸ்பெஷல்" என்றுதான் போட்டார்கள்.

எபிசோடின் தொடக்கத்தில் அம்மா மார்ஜ் திரைக்கு முன் வந்து, இது பயங்கரமாக இருக்கும், நாளைக்கு எங்களுக்குக் கோபமாகக் கடிதம் எழுதுவதற்குப் பதில் இன்றைக்குப் பிள்ளைகளைச் சீக்கிரம் தூங்க வையுங்கள் என்பாள். 1931இல் வந்த ஃப்ராங்கன்ஸ்டைன் படத்தில் ஒருவர் திரைக்கு முன் வந்து எச்சரிப்பாரே, அதன் கிண்டல். அந்த எபிசோடுக்கு இசை ஆல்ஃப் க்ளாஸன். இந்தத் தொடருக்கு அவர் செய்த முதல் வேலை அது. அதற்குப் பிறகு 2017 வரை அவர்தான் இசை.

சட்டகக் கதை, அதாவது உள்ளே வரும் கதைகளைக் கோக்கும் வெளிக்கதை, நமக்குப் புதிதல்ல. விக்கிரமாதித்தன் தோளில் வேதாளம் கதை சொல்கிற ஏற்பாடுதான். வேதாளக் கதையில் ஒவ்வொரு முறையும் கேள்வி, பதில், மறுபடி முருங்கை மரம் என்று சட்டகமே ஒரு சுவை. அங்கே நேரம் ஏராளம். இங்கே இல்லை. இரண்டாவது எபிசோடில் மிட்டாயை அளவுக்கு மீறித் தின்றவர்களுக்கு வரும் கெட்ட கனவுகள், மூன்றாவதில் ஹாலோவீன் விருந்து, நான்காவதில் ஓவியக் கூடத்தில் மகன் பார்ட் ஒவ்வொரு படமாகக் காட்டுவது என்று நான்கு வருஷம் சட்டகம் போட்டார்கள். கதைக்கு முன்னும் பின்னும் அரை அரை நிமிடம் என்று வைத்தாலே மொத்தம் இரண்டு நிமிடம் போய்விடும், அதாவது கதைக்கு 40 வினாடி. ஏழு நிமிடக் கதையில் 40 வினாடி என்பது இரண்டு நல்ல காட்சி. ஐந்தாவது எபிசோடிலிருந்து சட்டகத்தைத் தூக்கிவிட்டார்கள். என் கணிப்பில் இந்த வரிசையில் எடுத்த மிகச் சரியான முடிவு அதுதான். மூன்று கதையும் முழு மூச்சாக ஓட ஆரம்பித்தது அங்கிருந்துதான். தொடக்கத்தில் கல்லறைக் கற்களில் நகைச்சுவை எழுதி வைக்கும் வழக்கமும் அதே சமயத்தில் முடிந்தது. கடைசியாக வந்த கற்களில் ஒன்றில் "நகைச்சுவைக் கல்லறைக் கற்கள்" என்றே பொறித்து, அந்த வழக்கத்துக்கே சமாதி கட்டினார்கள்.

ஏழு நிமிடத்தை எப்படிச் செலவழிப்பது என்பதற்குப் பாடம் போல ஒரு கதை உண்டு. 1993இல் வந்த நான்காவது எபிசோடின் நடுக் கதை, "டெரர் அட் ஃபைவ் அண்ட் எ ஹாஃப் ஃபீட்". "தி ட்வைலைட் ஸோன்" தொடரில் 1963இல் வந்த ஓர் எபிசோடில், இருபதாயிரம் அடி உயரத்தில் பறக்கும் விமானத்தின் இறக்கையில் ஒரு குட்டிச்சாத்தான் உட்கார்ந்து எஞ்சினைப் பிய்க்கும். ஒரே ஒரு பயணி கண்ணுக்குத்தான் அது தெரியும். சிம்ப்ஸன்ஸில் விமானம் பள்ளிப் பேருந்தாகிறது, இருபதாயிரம் அடி ஐந்தரை அடியாகிறது. தலைப்பிலேயே பாதி நகைச்சுவை முடிந்தது.

இனி கட்டமைப்பைப் பாருங்கள். பேருந்து விபத்தில் சாவதாகக் கெட்ட கனவு கண்டு பார்ட் எழுகிறான். உடனே மழையில் பேருந்து. ஜன்னலுக்கு வெளியே சாத்தான் சக்கரத்தின் நட்டுகளைக் கழற்றுகிறது. கதையின் ஆபத்து என்ன என்பது இத்தனை சீக்கிரம் வந்துவிட வேண்டும், ஒன்றரை நிமிடம் தாண்டினால் கடைசியில் இடிக்கும். அடுத்து யாரும் நம்பாத கட்டம். இதில்தான் பலரும் நேரத்தை வீணடிப்பார்கள்: ஒருவரிடம் சொல்வது, நம்பாதது, இன்னொருவரிடம் சொல்வது, நம்பாதது. இங்கே அந்தக் கட்டத்துக்குள்ளேயே ஒரு திருப்பம். சாத்தானுக்கு ஆங்கிலத்தில் க்ரெம்லின். பக்கத்தில் ஒரு கிழவர் ஓட்டி வருவதோ ஏஎம்சி க்ரெம்லின் என்ற பழைய மாடல் கார். க்ரெம்லின் என்று பார்ட் கத்தியதும் பேருந்து ஓட்டுநர் ஓட்டோ அந்தக் காரைப் பார்த்து, அதை இடித்துச் சாலையை விட்டுத் தள்ளிவிட்டு "சரி பண்ணியாச்சு" என்கிற தோரணையில் திரும்புகிறான். அவநம்பிக்கையும் சிரிப்பும் ஒரே காட்சியில் முடிந்துவிட்டன. பிறகு பார்ட் ஜன்னலைத் திறந்து, ஆபத்துக்கால விளக்குத் திரியைக் கொளுத்தி எறிகிறான். சாத்தான் கீழே விழுகிறது. பேருந்து நின்றதும் பிய்ந்து கிடக்கும் பக்கவாட்டை எல்லோரும் பார்க்கிறார்கள். அவன் சொன்னது நிஜம் என்று தெரிகிறது. ஆனாலும் ஒழுங்கீனமாக நடந்துகொண்டதற்காக அவனை மனநலக் காப்பகத்துக்கு அனுப்புகிறார்கள். இங்கேயே முடித்திருந்தாலும் நல்ல கதைதான். ஆம்புலன்ஸில் நிம்மதியாகப் படுத்தவனுக்குப் பின் ஜன்னலில் சாத்தான் தெரிகிறது, கையில் பக்கத்து வீட்டு ஃப்ளாண்டர்ஸின் தலை. ஃப்ளாண்டர்ஸ்தான் கீழே விழுந்த அதைப் பரிதாபப்பட்டுத் தூக்கிக்கொண்டவர். அந்தக் கடைசிக் காட்சிக்குப் பத்து வினாடிகூடத் தேவைப்படவில்லை, தேவையான விதையை முன்பே ஊன்றிவிட்டார்கள்.

சறுக்கும் கதைகளில் இந்த விதைதான் இருக்காது. ஆறு நிமிடம் வரை கதை நன்றாகப் போகும், பிறகு முடிக்கத் தெரியாமல் ஒருவர் இன்னொருவரைத் தின்றுவிடுவார், அல்லது வேற்றுக்கிரகவாசிகள் வந்து சிரிப்பார்கள்.

இரண்டாவது பிரச்சினை, மூலக் கதையை நம்பி நிற்பது. இந்த எபிசோடுகளில் பெரும்பாலான கதைகள் ஏதோ ஒரு படத்தின், கதையின் கிண்டல்தான். பழைய ட்வைலைட் ஸோன் கதைகள் ஆரம்ப வருஷங்களில் வற்றாத கிணறு மாதிரி உதவின. அவை ஏற்கெனவே குட்டிக் கதைகள், ஒரே ஒரு விசித்திரம், ஒரே ஒரு திருப்பம் கொண்டவை. ஏழு நிமிடத்துக்குச் சுருக்க அதிகம் வெட்ட வேண்டியதில்லை. பின்னால் அந்தக் கிணறு வற்றி, இரண்டு மணி நேர சினிமாக்களைச் சுருக்க ஆரம்பித்தபோதுதான் சிக்கல். படத்தின் புகழ்பெற்ற ஆறு காட்சிகளை வரிசையாக மஞ்சள் முகங்களை வைத்து நடித்துக் காட்டினால் அது நகல், கிண்டல் அல்ல. மூலப் படத்தைப் பார்க்காதவருக்கு அது ஒன்றுமே தராது.

சினிமாவைச் சுருக்கியும் ஜெயிக்கலாம் என்பதற்கு 1994இல் வந்த "தி ஷின்னிங்" சாட்சி. 1980இல் வந்த "தி ஷைனிங்" படத்தின் கிண்டல். வழக்கு வந்துவிடும் என்று பயந்து பெயரில் ஓர் எழுத்தை மாற்றியதாகக் கதைக்குள்ளேயே சொல்லிவிடுவார்கள். படத்தில் பனியில் அடைபட்ட ஹோட்டலில் ஒரு தகப்பன் மெல்ல மெல்லப் பித்துப்பிடித்துப் போவான். அந்த "மெல்ல மெல்ல" என்பதற்கு ஏழு நிமிடத்தில் இடமில்லை. அதனால் காரணத்தையே மாற்றினார்கள்: டிவியும் இல்லை, பீரும் இல்லை. ஹோமரைத் தெரிந்த யாருக்கும் இதற்கு மேல் விளக்கம் வேண்டாம், படத்தைப் பார்த்திருக்கவும் வேண்டாம். கதை முடிவதும் அதே காரணத்தால்தான். பனியில் கிடக்கும் ஒரு சின்ன டிவியைப் பார்த்ததும் கொலைவெறி அடங்கிவிடுகிறது.

முதல் எபிசோடின் இரண்டாம் கதையும் இதே ரகம். வேற்றுக்கிரகவாசிகள் காங், கோடோஸ் இருவரும் சிம்ப்ஸன் குடும்பத்தைத் தங்கள் கப்பலுக்குத் தூக்கிச் சென்று விதவிதமாகச் சாப்பாடு போடுகிறார்கள். மகள் லிசாவுக்குச் சந்தேகம். சமையலறையில் ஒரு புத்தகம் கிடைக்கிறது. தலைப்பு "மனிதர்களைச் சமைப்பது எப்படி". காங் அதன்மேல் இருக்கும் தூசியை ஊதினால் "மனிதர்களுக்குச் சமைப்பது எப்படி". லிசா இன்னும் கொஞ்சம் ஊதினால் "நாற்பது மனிதர்களைச் சமைப்பது எப்படி". கடைசித் தூசியும் போனால் "நாற்பது மனிதர்களுக்குச் சமைப்பது எப்படி". ஆங்கிலத்தில் இரண்டு குட்டிச் சொற்கள் ஒளிந்து விளையாடுகிற வேடிக்கை இது. தமிழில் இரண்டாம் வேற்றுமைக்கும் நான்காம் வேற்றுமைக்கும் நடுவில் உயிர் ஊசலாடுகிறது. இதுவும் 1962இல் வந்த ட்வைலைட் ஸோன் கதை ஒன்றின் கிண்டல்தான். அங்கே புத்தகம் நிஜமாகவே சமையல் புத்தகம், மனிதர்கள்தான் உணவு. இங்கே வேற்றுக்கிரகவாசிகள் உண்மையிலேயே நல்லவர்கள். குடும்பத்திலேயே புத்திசாலியான பெண்ணின் சந்தேகத்தால் சொர்க்கம் கைநழுவிப் போகிறது. மூலத்தைத் தலைகீழாக்கினால்தான் கிண்டல் தன் காலில் நிற்கும். காங்கும் கோடோஸும் அன்றிலிருந்து கிட்டத்தட்ட ஹாலோவீன் தோறும் தலைகாட்டுகிறார்கள். சில வருஷம் ஒரே ஒரு வினாடி சிரித்துவிட்டுப் போவதோடு சரி.

மற்ற எபிசோடுகளில் செய்யக்கூடாததை இங்கே செய்யலாம் என்பது இந்த வடிவத்தின் பெரிய சலுகை. யார் வேண்டுமானாலும் சாகலாம், உலகமே அழியலாம், அடுத்த வாரம் எல்லோரும் பழையபடி சோபாவில் இருப்பார்கள். 1994 எபிசோடில் பள்ளித் தோட்டக்காரர் வில்லி மூன்று கதையிலும் காப்பாற்ற ஓடிவந்து மூன்றிலும் முதுகில் கோடரி வாங்கிச் சாவார். தனித்தனிக் கதைகளை ஒரே எபிசோடாக உணர வைக்கச் சட்டகம் தேவையில்லை, திரும்பத் திரும்ப வரும் ஒரு சாவே போதும் என்பதற்கு அதுவே உதாரணம். ஆனால் இந்தச் சலுகைக்கு ஒரு விலையும் உண்டு. யார் செத்தாலும் கவலையில்லை என்றால் பார்ப்பவருக்கும் கவலையில்லை. அதனால்தான் நல்ல கதைகள் சாவை நம்பாமல் குணத்தை நம்புகின்றன. 1993இல் ஹோமர் ஒரே ஒரு டோனட்டுக்குத் தன் ஆன்மாவைச் சாத்தானிடம் விற்கிறார். கடைசித் துண்டைத் தின்னாமல் வைத்திருந்தால் ஒப்பந்தம் செல்லாது என்று தெரிந்தும், நடு ராத்திரியில் அதைத் தின்றுவிடுகிறார். வழக்கு விசாரணையில் நரகத்து ஜூரிகளில் ஒருவர் முன்னாள் அதிபர் நிக்ஸன். "நான் இன்னும் சாகவே இல்லையே" என்பார். ஒளிபரப்பானபோது அவர் நிஜமாகவே உயிரோடு இருந்தார், இறந்தது 1994 ஏப்ரலில். வழக்கை வெல்வது மார்ஜ். கல்யாணப் புகைப்படத்தின் பின்னால் ஹோமர் தன் ஆன்மாவை அவளுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். பேய்க்கதைக்குள் ஒரு காதல் கதை, அதுவும் ஏழு நிமிடத்தில்.

படம் வரைபவர்கள் பக்கமும் கொஞ்சம் பார்க்க வேண்டும். வழக்கமான எபிசோடில் வீடு, பள்ளிக்கூடம், மதுக்கடை என்று ஏற்கெனவே வரைந்து வைத்த களங்கள், ஏற்கெனவே தீர்மானித்த உடைகள். ஹாலோவீனில் ஒவ்வொரு கதைக்கும் புதுக் களம், புது உடை, புது உருவம். ஒரு எபிசோடுக்கு மூன்று எபிசோடின் வடிவமைப்பு வேலை.

இதன் உச்சம் 1995இல் வந்த "ஹோமர் க்யூப்ட்". விருந்தாளிகளிடமிருந்து ஒளிய அலமாரிக்குப் பின்னால் போகும் ஹோமர் முப்பரிமாண உலகத்துக்குள் விழுந்துவிடுகிறார். அந்தக் கணினி அனிமேஷனைச் செய்தது பசிஃபிக் டேட்டா இமேஜஸ். எழுதியவர்களில் ஒருவரான டேவிட் கோஹன் அந்த வெளியில் மிதக்கும் பொருள்களுக்குள் ஒரு சமன்பாட்டை ஒளித்து வைத்தார்: 1782-இன் 12ஆம் அடுக்கும் 1841-இன் 12ஆம் அடுக்கும் சேர்ந்தால் 1922-இன் 12ஆம் அடுக்கு. அடுக்கு இரண்டைத் தாண்டினால் முழு எண்களில் இப்படிக் கூட்டல் பொருந்தாது என்பது ஃபெர்மாவின் கடைசித் தேற்றம், அதன்படி இது நடக்கவே முடியாது. ஆனால் சாதாரணக் கால்குலேட்டரில் போட்டால் தெரிகிற பத்து இலக்கம் வரை சரியாகவே வரும். பொய் என்று கண்டுபிடிக்கக் கால்குலேட்டரே வேண்டாம்: ஓர் இரட்டை எண்ணையும் ஓர் ஒற்றை எண்ணையும் கூட்டினால் ஒற்றைதான் வரும், வலப்பக்கம் இருப்பதோ இரட்டை. அந்தக் கதையின் முடிவில் ஹோமர் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு நிஜத் தெருவில், நிஜ மனிதர்கள் நடுவில் வந்து விழுவார்.

எழுத்திலிருந்து ஒளிபரப்புக்கு ஏறக்குறைய ஒன்பது மாதம் ஆகிற தொடர் இது. அன்றாடச் செய்தியைக் கிண்டல் செய்வது அதனால் ஆபத்து, கிண்டல் வருவதற்குள் செய்தி செத்திருக்கும். 1996இல் கிளின்டனும் டோலும் போட்டியிட்ட அதிபர் தேர்தலைத் தொட்டபோது இதை அழகாகச் சமாளித்தார்கள். இரண்டு வேட்பாளர்களுக்குப் பதிலும் காங், கோடோஸ் நின்றுவிடுவதால் நிஜத்தில் யார் ஜெயித்தாலும் கதை கெடாது. எபிசோட் வந்தது அக்டோபர் 27, வாக்குப்பதிவு நவம்பர் 5.

ஹாலோவீன் அக்டோபர் 31. ஆனால் 2000 முதல் 2008 வரை ஹாலோவீன் எபிசோடுகள் எல்லாமே நவம்பரில் வந்திருக்கின்றன. காரணம் பேஸ்பால். அக்டோபர் கடைசியில் நடக்கும் உலகத் தொடர் ஆட்டங்கள் ஃபாக்ஸ் வசம். மிட்டாய் எல்லாம் தீர்ந்த பிறகு வரும் பேய் எபிசோடைப் பற்றி அவர்களே 2005இல் நக்கலடித்தார்கள். ஆட்டம் சலிப்பாக இருக்கிறதென்று காங்கும் கோடோஸும் அதை வேகப்படுத்தப் போய், பிரபஞ்சமே அழிந்துபோகும்.

இதே அச்சு மற்றப் பண்டிகைகளுக்குப் பொருந்துமா? முயன்றிருக்கிறார்கள். 1999 ஏப்ரல் 4, ஈஸ்டர் ஞாயிறு அன்று பைபிள் கதைகள் வந்தன, தேவாலயப் பிரசங்கத்தில் தூங்கிப்போகிற குடும்பத்தாரின் கனவுகளாக. 2005இல் கிறிஸ்துமஸ் கதைகள். சுமாராக ரசிக்கலாம், அவ்வளவுதான். அன்பாக முடிந்தாக வேண்டிய பண்டிகைக்குக் கொடூரத் திருப்பம் பொருந்தாது, திருப்பம் இல்லாவிட்டால் ஏழு நிமிடக் கதை வெறும் துணுக்கு. 2019 நவம்பர் 24 அன்று வந்த "தேங்க்ஸ்கிவிங் ஆஃப் ஹாரர்" இதைப் புரிந்துகொண்டு, பண்டிகையை மட்டும் மாற்றிவிட்டுத் திகிலை விடவில்லை. அதில் முதல் கதை வான்கோழிகளின் பார்வையில்: மனிதர்கள் வேட்டைக்கு வருகிறார்கள். நன்றாகவே வேலை செய்தது.

பார்க்க ஆரம்பிப்பதற்கு: வரிசையாகப் போக வேண்டிய அவசியமே இல்லை, எந்த எபிசோடும் இன்னொன்றைச் சாராது. முதலில் ஐந்தாவது (1994). மூன்று கதையும் சமமாக நிற்கும் எபிசோடுகள் குறைவு, அதில் இது முதலிடம். அடுத்து நான்காவது, பிறகு ஆறு, ஏழு. முதல் எபிசோடை அதன் பிறகு பாருங்கள். வேகம் கம்மி, படமும் கரடுமுரடு, ஆனால் மூன்றாம் கதையில் எட்கர் ஆலன் போவின் 1845ஆம் வருஷத்துக் கவிதையை நடிகர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் குரலில் கிட்டத்தட்ட அப்படியே வாசிக்க விட்டிருக்கிறார்கள், அண்டங்காக்கையாக பார்ட். அப்படி ஒரு துணிச்சல் பிறகு அபூர்வமாகத்தான் வந்தது. பிந்தைய சீசன்களில் 2013 எபிசோடின் தொடக்கக் காட்சியை மட்டுமாவது பாருங்கள், இயக்குநர் கியர்மோ டெல் டோரோ செய்தது. 2022இல் "டெத் நோட்" அனிமேயின் பாணியிலேயே வரைந்த கதையும் நன்றாக இருக்கும்.

இன்னொன்று, கடைசிப் பெயர்ப் பட்டியலை ஓடவிட்டுவிடாதீர்கள். இரண்டாவது எபிசோடிலிருந்து எல்லோர் பெயரையும் பேய்ப் பெயராக மாற்றிப் போடுகிற வழக்கம் உண்டு. தொடரை உருவாக்கிய மேட் க்ரோனிங் அதில் "பேட் க்ரோனிங்", அதாவது வௌவால். தயாரிப்பாளர் ஜேம்ஸ் எல். ப்ரூக்ஸின் நடு எழுத்து "ஹெல்" ஆகியிருக்கும்.